பம்ப் மேல பழி போடாதீங்கய்யா!

பெரிய பெட்ரோல் பம்ப் மாட்டின மறுநாள் வண்டி திணறினா, உடனே "பம்ப் டூப்ளிகேட்டு, மாத்திடுங்க"ன்னு சொல்ற ஆசாமிகளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது மக்கா. அளந்து பார்த்தீங்களாய்யா? லாக் பார்க்காம சர்வரையே மாத்தற கதைதான் இது.

அமெரிக்காவுல பசங்க ஆசையா நோண்டற 1990-94 மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போவையே எடுத்துக்குங்க. ரெகுலேட்டரோட வேக்குவம் குழாயைக் கழட்டி அடைச்சுட்டு, ஐட்லிங்ல கேஜைப் பாருங்க. மேனுவல் கியர்னா 37 பிஎஸ்ஐ பக்கம் காட்டணும். 50ஐத் தாண்டுதா? மணிக்கு 255 லிட்டர் தள்ற புது பம்ப் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி விட பழைய ரெகுலேட்டரால முடியலை, அவ்வளவுதான். இன்னொரு பம்ப் வாங்கி என்ன பிரயோசனம்?

ஐட்லிங்ல சரியா இருந்து, மிதிச்சா குறையுதா? அப்பவே பம்ப் முனையில வோல்ட் மீட்டர் வைங்க. பேட்டரியில 13.5, அங்கே 11ன்னா குற்றவாளி அந்த ஒல்லிப்பிச்சான் ஒயர். வோல்ட் சரின்னா ஃபில்டரைப் பாருங்க.

டர்போ ஒரு பிஎஸ்ஐ கூட்டினா பெட்ரோல் அழுத்தமும் ஒரு பிஎஸ்ஐ ஏறணும். ஏறலைன்னா பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகிடும். சொல்லுங்க, கேஜ் விலை பெருசா, எஞ்சின் விலை பெருசா?