தலைப்புச் செய்தி மறைத்த ஆபத்து

2010 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகரில் பதின்பருவ இளைஞர் இருவர் உயிரிழந்தனர். மெஃபெட்ரோன் என்னும் புதிய போதைப்பொருளே காரணம் என்று நாளிதழ்கள் முழங்கின. ஏப்ரலில் அங்கு அப்பொருள் தடை செய்யப்பட்டது. மே மாதத்தில் நச்சியல் பரிசோதனை முடிவு வெளியானது. இருவர் உடலிலும் மெஃபெட்ரோன் இல்லை. அவர்கள் உட்கொண்டிருந்தவை மெத்தடோனும் மதுவும்.

மெஃபெட்ரோன் தீங்கற்றது என்று நான் கூறவில்லை. அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. ஆனால் மெத்தடோன் போன்ற ஓபியாய்டு மருந்துடன் மது சேரும்போது மூச்சு மெல்லத் தளர்ந்து, உறக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். மக்கள் அறிந்திருக்க வேண்டிய இந்த உண்மையைப் பரபரப்பு மறைத்துவிட்டது. மேலும், மிகைப்படுத்திய எச்சரிக்கை ஒருமுறை பொய்த்துவிட்டால், இளைஞர்கள் மெய்யான எச்சரிக்கையையும் நம்ப மறுப்பார்கள்.

எனவே இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? வேறு எவையெல்லாம் உட்கொள்ளப்பட்டன?

உங்கள் வீட்டில் ஒருவர் போதையில் எழுப்ப முடியாமல் குறட்டை விட்டால், உறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். என்ன உட்கொண்டார், எவ்வளவு, எப்போது, மதுவும் அருந்தினாரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். ஓபியாய்டு என்று தெரிந்தால் நாலக்சோன் என்னும் மாற்று மருந்து இருக்கிறது. நாங்கள் கேட்பது குற்றம் காண்பதற்கு அன்று, உயிர் காப்பதற்கே.