அறுந்த நூல்

என் தந்தையார் காலமாகி ஆறு மாதங்கள் சென்ற பின்னும் என் தாயார் கூடத்து மூலையை விட்டு அதிகமாக எழுந்திருக்கவில்லை. சாப்பிட அழைத்தால் வருவார்; கேட்டதற்குப் பதில் சொல்வார்; அவ்வளவுதான். நானோ உபாத்தியாயன். ஆறுதல் கூற எனக்குச் சொற்பஞ்சம் ஏது? நிலையாமையைப் பற்றி ஒரு நாள் மாலை முழுவதும் அவர் எதிரில் உட்கார்ந்து பிரசங்கமே செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரியப்பா, நீ போய்ச் சாப்பிடு” என்றார். வகுப்பில் எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன், அன்றுபோல் தோற்றதில்லை.

தந்தையார் ஆதாரக் கல்விப் பள்ளி ஒன்றில் நூற்புத் தொழில் ஆசிரியராக இருந்தவர். 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டின் பயனாகத் தேசத்தில் பரவிய முறை அது. கைத்தொழிலின் வாயிலாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பாடவேளை மறைந்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. அவருடைய தக்ளி மட்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. மெல்லிய இரும்புக் கம்பி, அடியில் காசு போன்ற ஒரு பித்தளை வில்லை, நுனியில் சிறு கொக்கி. சுவராஜ்யத்துக்காகப் போராடிய ஒரு தேசத்தின் ஆயுதம் என்று அதைப் பார்த்தவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். என் மகள் ஒரு நாள் அதைக் கண்டெடுத்து, பம்பரமென்று நினைத்துத் தரையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்படி இல்லை, குழந்தை” என்ற குரல் மூலையிலிருந்து கேட்டது.

மறுநாளே சர்வோதய சங்கத்திலிருந்து பஞ்சுப் பட்டைகள் வாங்கி வந்தேன். பாட்டியும் பேத்தியும் திண்ணையில் அமர்ந்தார்கள். நான் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதாகப் பாவனை செய்தேன்.

நூற்பதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாகத் தோன்றும். பஞ்சின் தனி இழை ஒன்று சாதாரணமாக ஓர் அங்குல நீளமே இருக்கும்; பழைய நாட்டுப் பருத்தியில் அதற்கும் குறைவு. ஒரு சிட்டம் நூலோ 840 கெஜம். 20-ஆம் நம்பர் நூலானால் ஒரு ராத்தல் எடையில் அப்படி இருபது சிட்டங்கள், அதாவது 16,800 கெஜம் இருக்கும். அத்தனை நீளத்துக்கும் இந்த அங்குல இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது பசையன்று, தையலன்று, முறுக்கு ஒன்றேதான். முறுக்கு ஏறுமுன் கையை வேகமாக இழுத்தால் இழைகள் வழுக்கிப் பிரிந்துவிடும். அஞ்சிக்கொண்டு இழுக்காமலே இருந்தாலோ முறுக்கு மிகுந்து நூல் சுருண்டு சிக்கிக்கொள்ளும். வறண்ட காற்றில் அறுபடும் நூல் சற்று ஈரமான காற்றில் நன்றாக வரும். நனைந்தால் பலம் கூடுவது பருத்தியின் சுபாவம்.

மகாத்மா ராட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கிய காலத்தில் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்று ‘சத்திய சோதனை’யில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பின்னர் கங்காபென் என்ற அம்மையார்தான் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். 1924-ஆம் வருஷத்துப் பெல்காம் காங்கிரஸிலே, தானே நூற்றோ பிறரைக் கொண்டு நூற்பித்தோ மாதம் 2,000 கெஜம் நூல் கொடுப்பதே அங்கத்தினர் சந்தா என்று ஏற்பட்டது. வக்கீல்களும் ஜமீன்தார்களும் தக்ளியை வைத்துக்கொண்டு திண்டாடிய காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் கையில் நூல் அறுந்துதானே இருக்கும்!

என் மகள் கையிலும் அறுந்தது. முதல் நாளில் ஒரு முழம் சேர்வதற்குள் பதினொரு முறை. ஒவ்வொரு தடவையும் அவள் இரு நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு வெற்றியுடன் பாட்டியை நிமிர்ந்து பார்ப்பாள்.

“முடிச்சுப் போடாதே, அம்மா. பார்க்க ஒட்டினாற்போல் இருக்கும். தறிக்குப் போனால் அங்கே சிக்கி, பக்கத்து நூலையும் சேர்த்து அறுத்துவிடும்.”

“பின்னே எப்படிச் சேர்ப்பது, பாட்டி?”

தாயார் அறுந்த நுனியை விரல்களுக்கிடையே வைத்துப் பின்புறமாகத் திருப்பினார். முறுக்கு கழன்றது. நூலாக இருந்தது மறுபடியும் பஞ்சாகி, பூனைமயிர் போல் பிரிந்து நின்றது. அதன்மேல் பட்டையிலிருந்து சிறிது பஞ்சை இழுத்துப் படியவைத்து, தக்ளியை மெதுவாகச் சுற்றினார். இரண்டும் கூடி ஒன்றாயின. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை.

பத்திரிகையை மடித்து வைத்தேன். அந்த ஆறு மாதங்களாக நான் செய்துவந்தது முடிச்சுப் போடும் வேலை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அழுது தளர்வதற்குக்கூட அவருக்கு நான் அவகாசம் கொடுக்கவில்லை. அவர் கண்ணில் நீரைக் கண்டால் உடனே ஒரு பழமொழியை எடுத்து இழுத்துக் கட்டினேன். அவருக்காகவா, அதைக் காணச் சகியாத எனக்காகவா என்று இப்போது கேட்டுக்கொண்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு ஒன்றும் உபதேசிக்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துத் தந்தையாரின் கடைசி நாட்களைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். நான் அறியாத விஷயங்கள் பல இருந்தன. விம்மினார், நான் தடுக்கவில்லை. கடைசியில் நானும் அழுதேன்.

இப்போது ஒரு சிட்டம் நிறையும் தறுவாயில் இருக்கிறது. மேடும் பள்ளமுமான நூல்தான். எந்த நெசவாளியும் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். நேற்று அதை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்த தாயார், “உன் அப்பா இருந்திருந்தால் பத்துக்கு மூன்று மார்க்குக்கு மேல் போடமாட்டார்” என்று சொல்லிச் சிரித்தார்.

“மூன்றா! எனக்கா, உங்களுக்கா, பாட்டி?” என்று சண்டைக்குக் கிளம்பினாள் பேத்தி.