டிரைவருக்கு நெட், நெட்டுக்கு டிரைவர்!

பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றினால் சிலசமயம் நெட்வொர்க் அடாப்டர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதைதான்!

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் நெட் வந்துவிடும். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியை எடுத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்கில் தேடலாம். (வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல். அவர்களுடைய பழைய பிராசசர் பெயரேதான், குசும்பு!)

ஆனால் இந்த அலைச்சல் நமக்கு எதற்கு? கட்டற்ற மென்பொருள்தான் என்று பிடிவாதம் பிடித்த டெபியன்காரர்களே 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12 இன்ஸ்டாலரில் வைஃபைக்கான மூடிய ஃபர்ம்வேரைச் சேர்த்தார்கள். காசு வாங்கி விற்ற கம்பெனி, பழைய மாடலின் டிரைவரைத் தளத்திலிருந்து தூக்கலாமா? தேய்மானம் முழுதும் எழுதி முடித்த மெஷினும் ஓடும் என்று பி.காம். பாடத்திலேயே இருக்கிறதே!