புது வீதி பிறகு, முதலில் பள்ளத்தை நிரப்புவோம்



மாரி தொடங்கிவிட்டது. வெள்ளைச் சீருடையில் வெளிக்கிடும் பிள்ளைகள் சேறு தெறித்த உடுப்போடு வகுப்புக்கு வருகிறார்கள். பள்ளம் தெரியாமல் சைக்கிளோடு விழுந்த பிள்ளைக்கு நாங்களே மருந்து கட்டினோம்.

இதே பாடசாலை வீதியைப் புதிதாகப் போட்ட நாளில் எல்லோரும் படம் எடுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு யார் திரும்பிப் பார்த்தோம்?

தார் வீதிக்கு முதல் எதிரி தண்ணீர். வடிகான் அடைபட்டால் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கி அடித்தளத்தை இளக்கிவிடும். அதற்குமேல் டிப்பர் ஓடினால் பள்ளம்தான். வெடிப்பை உடனே அடைத்தால் கொஞ்சத் தாரும் கல்லும் போதும்; விட்டால் முழு வீதியையும் கிண்டிப் போடவேண்டும்.

பிழை சபையில் மட்டுமல்ல. வடிகானுக்குள் குப்பை கொட்டுவதும் நாம்தான்.

அடுத்த வருடப் பாதீடு பிரதேச சபைக்கு வரப்போகிறது. நம் வட்டார உறுப்பினரிடம் இப்போதே மூன்றைக் கேட்போம்: பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு, மாரிக்கு முன்னமே வடிகான் துப்புரவு, எந்த வீதி முதலில் என்ற பட்டியல். செலவுக் கணக்கைக் கேட்க 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பாதையில் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பள்ளமும் இடையூறுதானே?