மடியில ஒரு டிரம்ஸ்!

தாம்பரத்துல இருந்து கேளம்பாக்கம் போற காலேஜ் பஸ். ஜன்னல் சீட்டு. மடியில ரப்பர் பிராக்டிஸ் பேட், கையில ரெண்டு குச்சி. ‘என்னடா, பஸ்லயே கொத்து பரோட்டா போடுறியா?’ன்னு ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க. ஓட்டட்டும் பாஸ்!

போன வருஷம் கல்ச்சுரல்ஸ் செலக்‌ஷன்ல என்னைக் கழட்டி விட்டுட்டாங்க. வலது கையில ஸ்பீடு இருந்துச்சு; இடது கை கூட வரல. வீட்டுல டிரம் செட் வைக்க இடமில்ல. வெச்சா பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார். மிச்சம் இந்த பஸ் நேரம்தான்.

வழி சிம்பிள். வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. இதுக்குப் பேரு பாராடிடில். 1984-ல அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி தொகுத்த 40 அடிப்படை அடிகள்ல இதுவும் ஒண்ணு. நிமிஷத்துக்கு 60 பீட், ஒரு பீட்டுக்கு நாலு அடின்னு ஆரம்பிங்க. ரெண்டு கையும் ஒரே சத்தம் தந்த பிறகுதான் ஸ்பீடை ஏத்தணும். பேட்ல குச்சி எகிறும். தலையணையில எகிறாது, அதனால மணிக்கட்டுக்கு டபுள் வேலை.

மாம்பாக்கம் பக்கம் பஸ் குலுங்குதா? குச்சியைப் பைக்குள்ள வைங்க. மிருதங்கம் கத்துக்கறவங்க மாதிரி ‘தகதிமி’ன்னு மெதுவா சொல்லி, தொடையில விரலால தட்டுங்க. ஒரு பீட்டுக்கு ஒரு தகதிமி. பக்கத்து சீட்டு தூக்கமும் கலையாது. சூட்கேஸ், தண்ணி கேன்னு எதுலயும் தாளம் எடுக்கற சிவமணி நம்ம சென்னைக்காரர்தானே!

இந்த வருஷ செலக்‌ஷன் வர்ற வெள்ளிக்கிழமை. இடது கை ரெடி. மனசுதான் கொஞ்சம் தகதிமி!