வீட்டுச் சர்வரில் விருந்தினர்க்கு இடமளித்தல்

இந்நாளில் மாணாக்கர் பலர் பழைய கணினியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டின் ஒரு மூலையில் சர்வராக இடையறாது ஓடவிட்டு, அதனுள்ளே மெய்நிகர் இயந்திரங்கள் நாலைந்தை நிறுவிப் பயில்கின்றனர். பாராட்டத்தக்க முயற்சியே. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-இல் வி.எம்./370 என்ற பெயரால் வெளியிட்ட காலத்தில் பெருநிலையங்கட்கே உரியதாயிருந்த இவ்வித்தை, 2007-இல் லினக்ஸின் கருவினுள் கே.வி.எம். சேர்க்கப்பட்ட பின்னர் எளியோர் கைக்கும் எட்டிற்று. ஆயினும் ஒரு குறை எம் கண்ணுக்குப் படுகின்றது. நினைவகம் எத்துணை, வட்டு எத்துணை என்று மணிக்கணக்காய் ஆராய்வோர், வலைத்தொடர்பு எவ்வகையது என்ற வினா வந்தவுடன், திரையில் முன்னமே குறித்திருப்பதை அப்படியே ஒப்புக்கொண்டு மேற்செல்கின்றனர். நினைவகம் போதாதாயின் நாளைக் கூட்டிக்கொள்ளலாம். வலைத்தொடர்பிற் பிழைத்தால் வருந்துவோர் அம்மாணாக்கர் மட்டுமல்லர். தந்தையார் கணக்கும், தாயார் கைப்பேசியும், குடும்பத்தார் படங்களும் அதே வலையில் உள.

தாங்கும் இயந்திரத்தை ஹோஸ்ட் என்றும், அதனுள் தங்குவதைக் கெஸ்ட் என்றும் ஆங்கில நூலார் பெயரிட்டனர். விருந்து என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வந்தவர் யாவர் என்றறிந்து, உறவினரைக் கூடத்திலும் வழிப்போக்கரைத் திண்ணையிலும் அமர்த்திய வீடுகள் நம்முடையவை. அவ்வறிவையே இங்கும் செலுத்துக என்பதே யாம் கூறவந்தது.

முன்னமே குறித்திருப்பது பெரும்பாலும் விலாச மாற்று முறையாகும். இதனை நாட் என்பர். லிப்வெர்ட் என்னும் கருவியை நிறுவின், தாங்கும் இயந்திரம் 192.168.122.1 என்ற விலாசத்தைப் பூண்டு, விருந்தினர்க்கு அவ்வரிசையிலேயே எண் வழங்கும். விருந்தினன் வெளியே விடுக்கும் ஓலை யாவும் தாங்கும் இயந்திரத்தின் பெயரிலேயே செல்லும். வீட்டிலுள்ள பிற கணினிகள் விருந்தினனைத் தாமே சென்று அழைத்தல் இயலாது. புதிய மென்பொருளை ஓரிரவு சோதித்துப் பார்த்தற்கு இது சாலும்; வீட்டார்க்குக் கோப்பு வழங்கவேண்டிய இயந்திரத்துக்கோ சாலாது.

அதற்கு வேண்டுவது பாலம், அதாவது பிரிட்ஜ். தாங்கும் இயந்திரத்தினுள் ஒரு சுவிட்சு இருப்பதாகக் கொள்க. ஈத்தர்நெட் அட்டை அச்சுவிட்சின் ஒரு துளையிலும், விருந்தினர் மற்றைத் துளைகளிலும் செருகப்பட்டோராவர். ஒவ்வொரு விருந்தினனும் தனக்கென ஒரு மாக் எண்ணோடு ரவுட்டரிடமே விலாசம் கேட்டுப் பெறுவான். ரவுட்டரின் பட்டியலில் 52:54:00 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், அது பெரும்பாலும் லிப்வெர்ட்டின் விருந்தினன் என்றறியலாம். வைஃபையால் இணைந்த சர்வரில் பாலம் அமையவில்லை என்று முறையிடுவோர் பலர். வைஃபை நிலையம் பொதுவாகத் தன்னிடம் பதிந்துகொண்ட மாக் எண்ணினின்று வருவதையே ஏற்கும்; பின்னால் நிற்கும் விருந்தினரை அஃது அறியாது. ஆதலின் சர்வருக்குக் கம்பியே தக்கது.

பாலம் அமைக்குங்கால் மறவற்க: ஐ.பி. விலாசம் அட்டையினின்று பாலத்துக்கு மாறவேண்டும். யாம் ஒருமுறை மாடியிலிருந்தபடியே தொலைவிணைப்பில் இதனைச் செய்யப்புகுந்து, விலாசத்தை அட்டையினின்று நீக்கும் கட்டளையை முன்னும், பாலத்திற் சேர்க்கும் கட்டளையைப் பின்னும் வைத்தோம். முன்னது நிறைவேறியதும் இணைப்பு அறுந்தது. பின்னதை இடுதற்கு வழியில்லை. நள்ளிரவிற் கீழிறங்கித் திரையும் விசைப்பலகையும் மாட்டியே மீட்டோம். உபுண்டுவில் நெட்பிளான் டிரை என்னும் கட்டளை உளது. 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிடின் பழைய அமைப்பையே அது மீட்டுவிடும். அதனை அறிந்திருந்தால் அன்றிரவு உறங்கியிருப்போம்.

நிற்க. இனிக் கூறுவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. விலாச மாற்றின் பின்னே வைத்துவிட்டால் காவல் அமைந்துவிட்டது என்று கருதுவோர் மிகப் பலர். யாரை யாரிடமிருந்து காக்கும் காவல் அது என்று அவர் வினவுவதில்லை. வெளியார் விருந்தினனை அணுகாமற் காக்கும், மெய்யே. விருந்தினன் வீட்டாரை அணுகுவதை அது தடுப்பதில்லை. அவன் விடுக்கும் ஓலை தாங்கும் இயந்திரத்தின் பெயரைப் பூண்டு, இணையத்துக்குச் செல்வது போலவே வீட்டின் அச்சுப்பொறிக்கும், காமிராவுக்கும், கோப்புக் களஞ்சியத்துக்கும் தடையின்றிச் செல்லும். உலகம் காண ஓர் இணையதளத்தை அவ்விருந்தினன்பால் வைத்து, ரவுட்டரில் ஒரு வாயிலையும் அவனுக்கெனத் திறந்துவைத்தோமாயின், அவனைக் கைப்பற்றிய கள்வன் வீட்டின் நடுவே நிற்கின்றான். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் தேடிப் பற்றியது. அத்தகைய பொருள்கள் நம் வீடுகளிலும் இல்லையென்று எவர் துணிந்து கூறுவர்?

பாலத்தின்மேல் உள்ளானுக்கோ வேறோர் இடர் உண்டு. இணையந் தருவோர் ஐ.பி. ஆறாம் பதிப்பை வழங்கும் வீடுகளில், பாலத்திலுள்ள விருந்தினன் உலகளாவிய விலாசமொன்றைத் தானே பெற்றுக்கொள்வான்; அங்கே விலாச மாற்று என்னும் திரையே இல்லை. ரவுட்டரின் ஃபயர்வால் தடுத்தாலன்றி அவன் வெட்டவெளியில் நிற்பவனே.

ஆதலின் வெளியார் அணுகும் இயந்திரத்தைக் கூடத்திலும் வையாது, உள்ளறையிலும் வையாது, திண்ணையிலேயே வைக்கவேண்டும் என்பது எம் கருத்து. ஈத்தர்நெட் அட்டை எதனையும் சேராத தனிப் பாலமொன்றை அமைத்து, அவனை அதிற் சேர்க்க. அப்பாலத்தினின்று வீட்டு விலாச வரிசைக்குச் செல்வன யாவும் தடுக்கப்படுக. இணையத்துக்குச் செல்வன மட்டும் விடப்படுக. தாங்கும் இயந்திரத்தையே அவன் தொடுவதும் தடுக்கத்தக்கது. விலாசமும் பெயர்விளக்கமும் கேட்கும் அளவே அவனுக்கு உரிமை. லினக்ஸின் என்.எஃப். டேபிள்ஸ் கொண்டு சில வரிகளில் இதனை முடிக்கலாம். 802.1க்யூ முறையில் வலையையே கூறுபடுத்தும் சுவிட்சு உடையார் அதனையும் கையாள்க. இல்லாதார் அதன்பொருட்டு ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை.

பயிலும் மாணவனுக்கு இத்துணைத் தொல்லை ஏன் என்பார் உளர். தன் வட்டினை மட்டும் அழித்துக்கொள்பவனாயின் யாமும் அவ்வாறே கூறுவோம். அவன் பயில்வதோ தாயார் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கம்பியின்மேல்.

எல்லாம் அமைத்த பின் விருந்தினனுள் நுழைந்து, வீட்டு அச்சுப்பொறியின் விலாசத்தை அங்கிருந்து ஒருமுறை அழைத்துப் பார்க்க. மறுமொழி வருமாயின் வேலை இன்னும் முடிந்திலது.