காளானை வாங்குங்க, டப்பாவை யோசிச்சு வாங்குங்க

கேளம்பாக்கம் சுத்தி அடுக்குமாடி வந்த பிறகு, காளான் வாங்க வர்றவங்க கிட்டே இருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருது. "வீட்டுல ஒருத்தருக்கு கீமோ நடக்குது. காளான் பொடி கொடுக்கலாமா? அதுல பீட்டா குளுக்கான் இருக்காமே?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். காளான் நல்ல சாப்பாடு. பொடி டப்பா மருந்து இல்லை. வைத்தியத்துக்கு வெச்சிருக்கற காசை அதுல போடாதீங்க.

பீட்டா குளுக்கான்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. அரிசி மாவுச்சத்து மாதிரியே குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலிதான். கோத்திருக்கற விதம் மட்டும் வேற. மாவுச்சத்தை நம்ம குடல் வெட்டிச் செரிக்கும். இதை வெட்ட முடியாது. அதனால நமக்கு அது நார்ச்சத்து. காளானோட செல் சுவரே இதுவும் கைட்டினும் சேர்ந்ததுதான். கத்திரிக்காய் குழையற மாதிரி காளான் குழையாததுக்கு அந்தச் சுவர்தான் காரணம்.

மருந்துன்னு பேச்சு வந்ததும் சும்மா இல்லை. 1969இல் ஜப்பானில் கோரோ சிஹாரா குழுவினர் ஷிடாகே காளானில் இருந்து லென்டினான் என்ற கூட்டுச் சர்க்கரையைப் பிரிச்சு, எலிகள்ல கட்டி சுருங்கறதைக் காட்டினாங்க. 1985இல் அது இரைப்பைப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி பெற்றது. ஆனா எப்படி? சுத்திகரிச்சு, அளந்து, ஊசி மூலமா, கீமோவோட சேர்த்து. கீமோவுக்குப் பதிலா இல்லை. ஊசி மருந்தோட பெருமையை டப்பா மேல ஒட்டி விக்கறதுதான் எனக்குப் பிடிக்கலை.

லேபிள்ல "பாலிசாக்கரைடு 30 சதவீதம்"னு போட்டிருந்தா உடனே மயங்காதீங்க. அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான்! நாங்க படுக்கையில போடற காளான் விதையைச் சோளத்துலதான் வளர்க்கறோம். பூஞ்சை படர்ந்த தானியத்தை அப்படியே காய வெச்சு அரைச்சு விக்கற வழக்கம் வெளிநாட்டுல உண்டு. அதுல பாதிக்கு மேல தானிய மாவா இருந்தாலும் லேபிள் பொய் ஆகாது. பீட்டா குளுக்கான் எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கான்னு பாருங்க.

வீட்டுலயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணில கொதிக்க வெச்சு ஆறவிட்டு, காயத்துக்குப் போடற அயோடின் ஒரு சொட்டு விடுங்க. கருநீலம் ஆனா உள்ளே மாவு இருக்கு. காளான்ல மாவுச்சத்து கிடையாது. நிறம் மாறலைன்னா மாவு இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். மருந்துன்னு அர்த்தம் இல்லை.

இன்னொண்ணு விவசாயி கணக்கு. பச்சைக் காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய பத்து கிலோ காளான் வேணும். பத்து கிலோ காளான் விலையை விடக் குறைவா ஒரு கிலோ பொடி கிடைச்சா, உள்ளே என்ன இருக்குன்னு நீங்களே யோசிங்க.

புற்றுநோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் செய்யவே 1954ஆம் வருஷச் சட்டம் தடை போட்டிருக்கு. அப்படி ஒரு டப்பா வாட்ஸ்அப்ல வந்தா, வாங்காதீங்க, அனுப்பவும் அனுப்பாதீங்க. நோயாளிக்கு எந்தப் பொடி கொடுக்கறதா இருந்தாலும், அவங்களைப் பார்க்கற டாக்டர் கிட்டே டப்பாவையே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டற எதுவும் எல்லார் உடம்புக்கும் ஒத்துப்போகாது. மாற்றுச் சிறுநீரகம் வெச்சவங்க எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தானே மாத்திரை சாப்பிடறாங்க?

நம்ம வெயிலுக்குன்னே பால் காளான் இருக்கு. 1974இல் வங்காளத்து விஞ்ஞானிகள் அதைப் புது இனம்னு பதிவு செஞ்சாங்க. 1998இல் நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 ரகமா வெளியிட்டது. 30, 35 டிகிரியிலும் நல்லா வரும். அறுவடை முடிஞ்ச வயல் வைக்கோல், ஒரு கொட்டகை, தண்ணி, இவ்வளவுதான் மூலதனம். மாட்டுக்குப் போக மிச்சமான வைக்கோல் சோத்துக்குக் குழம்பாகுதுன்னா அதை விடப் பெரிய மகிமை எதுக்கு?

மிளகு தட்டிப் போட்டு, நல்லா வேக வெச்சு, வாரம் ரெண்டு நாள் சாப்பிடுங்க. நார்ச்சத்து கிடைக்கும், கொஞ்சம் புரதம் கிடைக்கும், வாய்க்கு ருசியா இருக்கும். அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன். பண்றவன் கிட்டே வாங்காதீங்க.